கடல் இல்லாத ஊரும் கப்பல் பெட்டியும் – ஒரு மூலைப் பூட்டின் வரலாறு

முன்னுரை

திருப்பூருக்குக் கடல் கிடையாது. நொய்யல் ஆறு உண்டு, ஆனால் அதில் கப்பல் வராது. இருந்தாலும் கப்பல் கம்பெனிகளின் பெயர் எழுதிய நீளமான இரும்புப் பெட்டிகள் டிரெய்லர் லாரிகளின் மேல் உட்கார்ந்து திருப்பூர் ரோடுகளில் போவதைப் பார்க்கலாம். தைத்து, செக்கிங் முடித்து, அயர்ன் செய்து, அட்டைப்பெட்டியில் அடைத்த பனியன்கள் அந்தப் பெட்டிகளில் ஏறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன.

இந்தப் பெட்டியை டிரெய்லர் மேல் இறக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். சரக்கோடு சேர்த்தால் ஒரு பெட்டியின் எடை 30 டன் வரை போகும். கிரேன் ஓட்டுபவர் உயரத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். கீழே லாரியில் நான்கே நான்கு இரும்பு முளைகள். பெட்டியின் அடியில் நான்கே நான்கு ஓட்டைகள். யாரும் கையால் பிடித்துத் தள்ளாமல் அந்த நான்கு ஓட்டைகளும் நான்கு முளைகளில் எப்படிச் சரியாகப் போய் உட்காருகின்றன? அதிலும் அந்தப் பெட்டி சீனாவில் செய்ததாக இருக்கலாம், லாரி தமிழ்நாட்டில் கட்டியதாக இருக்கலாம், கப்பல் கொரியாவில் கட்டியதாக இருக்கலாம். எல்லாம் எப்படிப் பொருந்துகின்றன?

பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் இதற்கு விடை காண உலகத்துக்குப் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

பெட்டி வருவதற்கு முன்

கன்டெய்னர் வருவதற்கு முன் சரக்கு என்றால் மூட்டை, பேல், பீப்பாய், மரப்பெட்டி. ஒவ்வொன்றும் ஒரு அளவு. லாரியிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து துறைமுக மேடை, அங்கிருந்து வலையில் கட்டிக் கப்பலின் அடிவயிறு என்று ஒரே மூட்டையைப் பல தடவை பல கைகள் தூக்க வேண்டும். கப்பல் கடலில் ஓடும் நாட்களுக்குச் சமமாகத் துறைமுகத்தில் நிற்கும் நாட்களும் இருந்தன.

தூத்துக்குடியில் இது இன்னும் கடினம். பழைய துறைமுகத்தில் கரையோரம் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். திருநெல்வேலிச் சீமையின் பருத்திப் பொதிகளைத் தோணிகளில் ஏற்றிக்கொண்டு போய், அலையில் ஆடும் தோணியிலிருந்து அலையில் ஆடும் கப்பலுக்கு மாற்றுவார்கள். வ.உ.சிதம்பரனார் 1906ல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கிய காலத்தில் அங்கே துறைமுக வேலை என்றால் இதுதான். ஆடுகிற ஒன்றை இன்னொன்றின் மேல் சரியாக வைக்க, மனிதனின் கண்ணும் கையும்தான் வழிகாட்டி. தவறினால் பொதி கடலில் விழும், இல்லாவிட்டால் கை நசுங்கும்.

பருத்தி லாரியில் காத்திருந்தவர்

மால்கம் மெக்லீன் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த லாரிக்காரர். கப்பல் தொழிலுக்கும் அவருக்கும் முதலில் சம்பந்தம் இல்லை. 1937ல் பருத்திப் பொதி ஏற்றிய லாரியோடு நியூ ஜெர்சி துறைமுகத்தில் நாள் முழுக்கக் காத்திருந்ததாகவும், ஒவ்வொரு பொதியாகத் தூக்குவதைப் பார்த்து "லாரியையே அப்படியே தூக்கி வைத்தால் என்ன?" என்று தோன்றியதாகவும் அவரே பின்னாளில் சொன்னார். பல வருடம் கழித்துச் சொன்ன கதை என்பதால் வரலாற்று ஆசிரியர்கள் இதை முழுதாக நம்புவதில்லை. ஆனால் அவர் வந்து சேர்ந்த இடம் அதுதான்.

முதலில் சக்கரத்தோடு டிரெய்லரையே கப்பலில் ஏற்றலாம் என்று நினைத்தார். சக்கரமும் அடிச்சட்டமும் வீணாக இடத்தை அடைக்கும், ஒன்றன் மேல் ஒன்று அடுக்கவும் முடியாது. ஆகவே சக்கரத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் ஏற்றுவது என்று முடிவானது. இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. சக்கரத்திலிருந்து பெட்டியைக் கழற்றினால், மறுபடி மாட்ட வேண்டும். அதுவும் சீக்கிரமாக, ஒவ்வொரு முறையும், வேறு ஊரில் வேறு வண்டியில்!

இதற்கு ஆள் தேடியபோது கிடைத்தவர் டிரெய்லர் கம்பெனி ஒன்றில் இருந்த கீத் டான்ட்லிங்கர் என்ற இன்ஜினியர். பெட்டியின் பலத்தைச் சோதிக்க மெக்லீனும் அவருடைய ஆட்களும் மாதிரிப் பெட்டிகளின் கூரை மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார்களாம். கூரை தாங்கியது. ஆர்டரும் கிடைத்தது.

1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளை மேல்தளத்தில் சுமந்துகொண்டு நியூயார்க் அருகே உள்ள நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. சுமார் ஏழு நிமிடத்துக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றி முடித்துவிட்டார்கள். உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆன காலத்தில், இந்தக் கப்பலுக்கு ஆன செலவு டன்னுக்கு 16 சென்ட்டுக்கும் குறைவு! மெக்லீனின் கணக்கு சரியாகிவிட்டது.

முக்கால் அங்குல இடைவெளி

மேல்தளத்தில் மட்டும் ஏற்றினால் போதுமா? கப்பலின் வயிற்றுக்குள்ளும் அடுக்க வேண்டாமா? 1957ல் 'கேட்வே சிட்டி' என்ற கப்பலை அதற்காக மாற்றினார்கள். 35 அடிப் பெட்டிகள் 226 ஏற்றலாம். கப்பலுக்குள் மேலிருந்து கீழ் வரை செங்குத்தான இரும்புச் சட்டங்களை நட்டு, அறை அறையாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு அறையின் நான்கு மூலையிலும் 'ட' வடிவத்தில் ஒரு சட்டம். பெட்டி அதற்குள் நுழைந்தால் லிஃப்ட் மாதிரி நேராகக் கீழே இறங்க வேண்டியதுதான். இதுதான் வழிகாட்டிச் சட்டம்.

படகை டிரெய்லரில் ஏற்றுபவர்கள் டிரெய்லரின் இரு பக்கமும் கம்பம் நட்டு வைப்பார்கள். காற்றும் நீரோட்டமும் படகைத் தள்ளினாலும் கம்பம் அதை நடுவுக்குக் கொண்டுவரும். அதே யோசனைதான் இங்கேயும்.

ஆனால் எவ்வளவு இடைவெளி விடுவது? இடைவெளி குறைந்தால் பெட்டி சட்டத்தில் சிக்கிக்கொள்ளும், கிரேன்காரர் திணறுவார். கூடினால் நடுக்கடலில் பெட்டி அங்கும் இங்கும் மோதும். டான்ட்லிங்கர் பல முறை சோதித்துப் பார்த்து, பெட்டியை விட அறை நீளத்தில் ஒன்றேகால் அங்குலமும் அகலத்தில் முக்கால் அங்குலமும் பெரிதாக இருந்தால் போதும் என்று முடிவு செய்தார்.

அப்படியும் சந்தேகம் கேட்டவர்கள் இருந்தார்கள். புயலில் பெட்டிகள் ஆடிக் கப்பலை உடைத்துவிடாதா? டான்ட்லிங்கர் ஒரு வேலை செய்தார். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை வாங்கி, பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே சில இடங்களில் திணித்து வைத்தார். பயணம் முடிந்ததும் களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். அரை அங்குலம்கூட இல்லை. வாதம் முடிந்தது.

ஒரு வழிகாட்டி நன்றாக இருக்கிறதா என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது எனலாம். இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை அல்ல. தவறு நடக்க எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பதைச் சரியாகக் கணக்கிடுவதுதான் அதன் வேலை.

யாருடைய மூலை?

வழிகாட்டி பெட்டியை இடத்துக்குக் கொண்டுவரும். அங்கேயே நிறுத்தி வைக்கப் பூட்டு வேண்டும். டான்ட்லிங்கர் அதையும் செய்தார். பெட்டியின் எட்டு மூலைகளிலும் கனமான வார்ப்பிரும்புக் கட்டி போன்ற ஒரு எஃகுத் துண்டு, அதில் நீள்வட்ட ஓட்டை. கீழே இருக்கும் முளையின் தலை கூம்பாக இருக்கும். நீளவாக்கில் அது ஓட்டைக்குள் நுழைந்தபின் 90 டிகிரி திருப்பினால் குறுக்கே நின்றுகொள்ளும், வெளியே வராது. இதுதான் 'ட்விஸ்ட் லாக்'. தூக்கும்போதும் இதே ஓட்டை, அடுக்கும்போதும் இதே ஓட்டை, லாரியில் பூட்டும்போதும் இதே ஓட்டை.

ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பூட்டு. மெக்லீனின் கம்பெனிக்கு (1960 முதல் அதன் பெயர் 'சீ-லேண்ட்') 35 அடிப் பெட்டி, ஹவாய்த் தீவுகளுக்குக் கப்பல் விட்ட 'மேட்சன்' கம்பெனிக்கு 24 அடிப் பெட்டி. ஒருவரின் பெட்டியை மற்றவரின் கிரேன் தூக்காது. ரயில் கம்பெனிகளுக்கு வேறு அளவு. இப்படியே போயிருந்தால் கன்டெய்னர் என்பது சில கம்பெனிகளின் சொந்த விஷயமாகவே முடிந்திருக்கும்.

1961ல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. இதற்கென ஒரு குழு அமைத்தது. நீளம் 10, 20, 30, 40 அடி என்று முடிவானது. மூலைதான் பெரிய சண்டை. ஒவ்வொரு கம்பெனியும் தன் பூட்டுக்குக் காப்புரிமை வைத்திருந்தது. மற்றவர் பூட்டை ஏற்றுக்கொண்டால் அவருக்குக் காலம் முழுக்கப் பணம் கட்ட வேண்டுமே!

இந்த முடிச்சு அவிழ ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது சீ-லேண்டை விட்டு வெளியே வந்திருந்த டான்ட்லிங்கர், தான் வடிவமைத்த பூட்டின் காப்புரிமையை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும்படி மெக்லீனிடம் கேட்டார். 1963 ஜனவரியில் மெக்லீன் சம்மதித்தார். இந்தப் பெருந்தன்மைக்குள் வியாபாரக் கணக்கும் இருந்தது. எல்லோரும் ஒரே பூட்டைப் பயன்படுத்தினால் தொழில் வளரும், தொழில் வளர்ந்தால் தனக்கும் லாபம். இன்னொன்றும் உண்டு. அவர் பூட்டைக் கொடுத்தாரே தவிர, அவருடைய 35 அடி நீளத்தைத் தரக் குழு ஏற்கவில்லை. தன் பூட்டு உலகத்துக்கே பொதுவானபோது தன் பெட்டி மட்டும் கணக்கில் வராத அளவாகப் போனது!

கதை அங்கேயும் முடியவில்லை. அந்தப் பூட்டை அடிப்படையாகக் கொண்ட மூலை வடிவத்தை 1965ல் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் ஐ.எஸ்.ஓ. ஏற்றுக்கொண்டது. கம்பெனிகள் பெட்டிகளைச் செய்யத் தொடங்கிவிட்டன. ஆனால் அடுத்து நடந்த பலச் சோதனைகளில் மூலைகள் தாங்கவில்லை. 1967 ஜனவரியில் லண்டனில் சில இன்ஜினியர்கள் உட்கார்ந்து எஃகின் கனத்தைக் கூட்டி வடிவத்தைத் திருத்தினார்கள். அதே ஆண்டு ஜூனில் மாஸ்கோவில் நடந்த கூட்டம் அதை ஏற்றது. அதற்குள் செய்து முடித்திருந்த ஆயிரக்கணக்கான பெட்டிகளின் மூலைகளை மாற்றிப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டியதாயிற்று.

இன்றைக்கும் அந்த மூலைக்கு ஐ.எஸ்.ஓ. 1161 என்று பெயர். 178 மில்லிமீட்டர் நீளம், 162 மில்லிமீட்டர் அகலம், 118 மில்லிமீட்டர் உயரம். 40 அடிப் பெட்டியில் நீளவாக்கில் ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 11.985 மீட்டர், அகலவாக்கில் 2.259 மீட்டர். உலகத்தில் எந்தப் பட்டறையில் டிரெய்லர் கட்டினாலும் இந்த எண்களை மாற்ற முடியாது. திருப்பூர் வரும் டிரெய்லருக்கும் இதே எண்கள்தான்.

திருப்பூர் வரை வந்த கதை

இந்தியாவுக்கு முதல் கன்டெய்னர் கப்பல் வந்தது 1973ல், கொச்சிக்கு. 1981ல் பெங்களூரில் நாட்டின் முதல் உள்நாட்டுக் கன்டெய்னர் முனையம் தொடங்கியது. 1983ல் சென்னைத் துறைமுகத்தில் தனிக் கன்டெய்னர் முனையம் வந்தது. 1988ல் ரயில்வேயின் கீழ் கன்டெய்னர் கார்ப்பரேஷன் உருவானது.

திருப்பூரின் கதையும் ஏறத்தாழ இதே காலம்தான். 1920களிலேயே பனியன் பின்னும் மெஷின் வந்துவிட்டாலும், நீண்ட காலம் உள்நாட்டுச் சந்தைக்கு உள்பனியன் தைக்கும் ஊராகவே அது இருந்தது. 1978ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி மும்பை வழியாகத் தேடிக்கொண்டு வந்து வெள்ளை டி-சர்ட் வாங்கியதிலிருந்துதான் நேரடி ஏற்றுமதியின் கதையைத் திருப்பூர்க்காரர்கள் சொல்லத் தொடங்குவார்கள். 1990ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கியது. 2022-23ல் ஊரின் ஏற்றுமதி 30,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது.

தூத்துக்குடிப் புதிய துறைமுகம் 1974ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1999ல் அங்கே தனிக் கன்டெய்னர் முனையம் செயல்படத் தொடங்கியது. 2011ல் துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயரே சூட்டப்பட்டது. திருப்பூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். சரக்கு சாதாரண லாரியில் அட்டைப்பெட்டிகளாகப் போய்த் தூத்துக்குடியில் கன்டெய்னரில் அடைக்கப்படுவது ஒரு வழி. கம்பெனி வாசலுக்கே கன்டெய்னரை வரவழைத்து அங்கேயே அடைத்து முத்திரை வைத்து அனுப்புவது இன்னொரு வழி. 2017 முதல் இந்த முத்திரை மின்னணு முத்திரையாகவும் மாறிவிட்டது. தூத்துக்குடியிலிருந்து போகும் பெட்டிகளில் பல கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. அங்கேயும் அதே நான்கு ஓட்டைகள்தான்.

பனியன் தொழிலில் தேதி தப்பினால் கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டி வரும். பல நேரங்களில் அந்தச் செலவு ஏற்றுமதியாளர் தலையில்தான் விழும். ஒரு ஆர்டரின் லாபம் முழுவதும் அதில் போய்விடலாம். பெட்டி இரண்டு நிமிடத்தில் டிரெய்லரில் உட்காருவது திருப்பூருக்கு ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து புரியும்.

வழிகாட்டியா, பூட்டா?

டிரெய்லரில் இரண்டு வகை உண்டு.

1. துறைமுகத்துக்குள் மட்டும் ஓடும் டிரெய்லர். இதன் ஓரங்களிலும் மூலைகளிலும் வெளிப்பக்கம் சாய்ந்த இரும்புத் தகடுகள் நிற்கும். புனலில் எண்ணெய் ஊற்றுவது போல, கிரேன்காரர் கொஞ்சம் தள்ளி இறக்கினாலும் பெட்டி சறுக்கிக்கொண்டு இடத்துக்கு வந்துவிடும். பூட்டு இல்லை. மெதுவாக ஓடுவதால் பெட்டியின் எடையும் ஓரத் தகடுமே போதும். பூட்டித் திறக்கும் நேரம் மிச்சம்.

2. ரோட்டில் ஓடும் டிரெய்லர். இதில் அந்த உயரமான தகடுகள் இருக்காது. முளையின் கூம்புத் தலை ஒன்றுதான் கடைசி வழிகாட்டி. ஓட்டுநர் மெதுவாக ரிவர்ஸ் எடுத்து நேராக நிறுத்த வேண்டும், இறக்குபவர் பொறுமையாக இறக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு நான்கு லாக்கையும் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும்.

இந்த இரண்டாவது வகையில்தான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது. லாக் போடாமல் விட்டாலும் பெட்டி தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு திருப்பத்தில் வேகமாகத் திரும்பும்போதுதான் தெரியும். பெட்டி மட்டும் தனியாகச் சரிந்து விழும். பக்கத்தில் பைக்கில் போகிறவருக்கு ஒதுங்க நேரம் இருக்காது.

இதை மறதி என்று மட்டும் சொல்ல முடியாது. "பூட்டியிருந்தால் பெட்டியோடு சேர்ந்து வண்டியும் கவிழும், பூட்டாவிட்டால் பெட்டி போனாலும் வண்டி தப்பும்" என்ற எண்ணம் பல நாடுகளில் ஓட்டுநர்களிடையே இருக்கிறது. கடன் வாங்கி வண்டி ஓட்டுபவரின் பயம் அது. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தாலும், ஆபத்தை அது ரோட்டில் போகிற யாரோ ஒருவர் மேல் தள்ளிவிடுகிறது. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இறக்கும் இடத்தில் நான்கில் ஒரு லாக்கைத் திறக்க மறந்துவிட்டால் கிரேன் பெட்டியோடு சேர்த்து லாரியையும் தூக்கும்! உள்ளே ஓட்டுநர் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் பாதுகாப்பு விதிகள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கின்றன: கிளம்பும் முன் நான்கையும் பூட்டு, தூக்கும் முன் நான்கையும் திற, தூக்கும்போது ஓட்டுநர் கேபினை விட்டு இறங்கிப் பாதுகாப்பான இடத்தில் நில்.

கணக்கில் வராதவர்கள்

பெட்டியின் வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது சரியல்ல. மூட்டை தூக்கிய கைகளுக்கு வேலை போனது. அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் 1960லேயே ஒரு ஒப்பந்தம் போட்டது. இயந்திரம் வரலாம், ஆனால் மிச்சமாகும் பணத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும் என்பது அதன் சாரம். எல்லா ஊரிலும் அப்படி நடக்கவில்லை. பல துறைமுகங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த வேலை இருபது முப்பது வருடத்தில் கரைந்துபோனது. தோணியிலிருந்து கப்பலுக்குப் பொதி மாற்றத் தெரிந்த கைத்திறனுக்குக் கன்டெய்னர் முனையத்தில் இடம் இல்லை.

அந்த வேலையின் ஒரு பகுதி திருப்பூர் மாதிரி ஊர்களுக்கு வந்தது என்பதும் உண்மை. மூட்டை கட்டும், அடுக்கும் வேலை துறைமுகத்திலிருந்து கம்பெனி வாசலுக்கு நகர்ந்தது. அனுப்பும் செலவு குறைந்ததால்தான் ஐரோப்பியக் கடைக்காரர் ஒரு டி-சர்ட்டுக்காக நொய்யல் கரை வரை தேடி வந்தார். ஒரு கரையில் இழந்தது இன்னொரு ஊரில் கிடைத்தது. ஆனால் இழந்தவரும் பெற்றவரும் ஒரே ஆள் இல்லை.

முடிவுரை

கன்டெய்னர் என்றதும் பெரிய கப்பலும் உயரமான கிரேனும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பெரிய விஷயங்களை எல்லாம் தாங்குவது ஒரு முக்கால் அங்குல இடைவெளியும், 90 டிகிரி திரும்பும் ஒரு முளையும்தான். முதலாவதை ஒரு இன்ஜினியர் களிமண்ணை வைத்துச் சோதித்துக் கண்டுபிடித்தார். இரண்டாவதை ஒரு முதலாளி தன் காப்புரிமையை விட்டுக்கொடுத்ததால் உலகம் பெற்றது. பத்து வருடம் சண்டை போட்டு, தவறு செய்து, திருத்தி, கடைசியில் எல்லோரும் ஒரே மூலைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

அவ்வளவு செய்தும் ஒரு வேலையை மனிதன் கையிலேயே விட்டிருக்கிறார்கள். திருப்பூரிலிருந்து பெட்டி ஏற்றிக் கிளம்பும் ஓட்டுநர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து நான்கு லாக்கையும் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்க எந்தக் குழுவும் வழி சொல்லவில்லை. சொல்லவும் கூடாது!